பால் நுழையாத கடை

என் அண்ணனின் முன்பல்லை உடைத்தது நான்தான். அவன் வலது மணிக்கட்டை உடைத்ததும் நான்தான். பட்டப்பகலில், கடை வாசலில் ஜனம் கூடி நிற்க, கறி அரைக்கும் மெஷினின் மரக்கட்டையை எடுத்து அடித்தேன். எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று தெருவில் சொல்கிறார்களாம். கடைப் பங்குச் சண்டை என்றும் சொல்கிறார்களாம். வேலை வெட்டி இல்லாத வாய்கள் எதையாவது மென்றுகொண்டு கிடக்கட்டும். போன வாரம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், என் அண்ணனுக்குத் தெரியும், என் நாலு வயது மகளுக்கும் தெரியும்.

அண்ணனும் நானும் சேர்ந்து கறிக்கடை நடத்துகிறோம். அவன் ஆள் வாட்டசாட்டம். சந்தைக்காரர்கள் அவனை 'மலை' என்பார்கள். முழு ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு விசிலடித்தபடி வருவான். உரிப்பதும், பெரிய துண்டம் போடுவதும், அரைக்கும் மெஷினும் அவன் பொறுப்பு. எலும்பு நீக்குவதும், கல்லாவும், வாடிக்கைக்காரர்களோடு மல்லுக்கட்டுவதும் என் பொறுப்பு. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். பாதி நாள் எங்கேயோ ஒரு நெடுஞ்சாலையில் இருப்பார். அதனால் மகள் என்னோடு கடையில்தான் வளர்கிறாள். பொடிசாக, ஆனால் காரமாக இருப்பதால் அவளை 'மிளகு' என்று கூப்பிட ஆரம்பித்தது அண்ணன்தான்.

மிளகுக்குப் பால் ஆகாது. ஆகாது என்றால் வயிற்றைக் கலக்கும், சளி பிடிக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதெல்லாம் இல்லை. ஒரு சொட்டு உள்ளே போனால் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பும், அப்புறம் தொண்டை அடைக்கும். அடைத்தால் பிள்ளை போய்விடும். விஷயம் இவ்வளவுதான். இதைச் சொல்லிச் சொல்லி என் நாக்குத்தான் தேய்ந்தது. வெண்ணெய், நெய், கிரீம், சாக்லேட், அதைத் தொட்ட கரண்டி, அந்தக் கரண்டி கிடந்த தட்டு, அந்தத் தட்டைத் துடைத்த துணி, எல்லாமே எனக்குப் பால்தான். பால் இருக்கும் என்று கனவிலும் நினைக்க முடியாத பண்டங்களுக்குள்ளே பால்பொடி ஒளிந்து கிடக்கும். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்து எல்லாவற்றையும் என் மண்டையில் ஏற்றி வைத்திருந்தேன். மற்றவர் மண்டையில் ஏற்ற எனக்குப் பொறுமை இல்லை. 'என்னைக் கேட்காம எதையும் தராதீங்க' என்று கத்துவேன், அத்தோடு சரி.

மழலையர் பள்ளியில் சேர்த்தேன். முதல் நாளே, பால் குடித்த வாயைத் துடைக்காத ஒரு பையன் பாசமாக அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டான். கன்னம் பன் மாதிரி உப்பிவிட்டது. "பாலைத்தானேங்க குடிச்சான், விஷத்தையா குடிச்சான்?" என்றார் டீச்சர். அந்த அம்மாவின் மேசையை அப்படியே கவிழ்த்தேன். மை, சாக்பீஸ், பூச்சாடி எல்லாம் தரையில் உருண்டன. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள்தான், மறுபடி அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

எங்கள் கடைதான் அவளுக்குப் பத்திரமான இடம். ரத்தம் உண்டு, கொழுப்பு உண்டு, எலும்பு உண்டு, சுவர் நிறையக் கத்தி உண்டு. ஒரு சொட்டுப் பால் கிடையாது. "கத்தி தொங்குற இடத்துல பிள்ளையை உட்கார வைக்கிறியே, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான் சொல்வேன். கத்தி கண்ணுக்குத் தெரியும். பால் தெரியாது.

காவலும் சும்மா இல்லை. ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே படியேறிய ஒருவனின் கையில் விளக்குமாற்றால் போட்டேன். ஐஸ்கிரீம் அவன் சட்டையிலேயே அப்பிக்கொண்டது. எதிர்க்கடை டீக்காரர் ஒரு நாள் கையில் பால் டீயோடு கதை பேச வந்தார். டம்ளரைத் தட்டிவிட்டதில் அவர் கால் வெந்தது. நல்ல மனுஷன், மறுநாளிலிருந்து தெருவிலிருந்தபடியே கத்திப் பேசினார். எனக்கு 'வெட்டுக்கத்தி' என்று பட்டப்பெயர். வைத்தவன் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும்.

ஆனால் வெளியாள்களை விரட்டிவிடலாம், வீட்டாளை என்ன செய்வது? அண்ணன் இதை நம்பவே இல்லை. "நாம எல்லாம் பால் குடிச்சுத்தானே வளர்ந்தோம்? நீ பொத்திப் பொத்தி வளர்க்கிறே, அதான் அவளுக்கு எதுவும் ஒத்துக்க மாட்டேங்குது" என்பான். போன வருஷம், நான் கொள்முதலுக்குப் போயிருந்தபோது, கிரீமைச் சுண்டுவிரலில் தொட்டு அவள் நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறான். பழக்கிவிட்டால் சரியாகிவிடுமாம். நான் திரும்பி வந்தபோது பிள்ளையின் கண்கள் வீங்கி மூடியிருந்தன. ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்துக் கூட்டி வந்த பிறகு வெட்டுக்கத்தியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் அவன் தோளில் ஓங்கி இறக்கினேன். அவன் தடுக்கவில்லை. அன்றிலிருந்து பிள்ளைக்கு எதுவும் தர மாட்டான், தூக்கக்கூடக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வருவான். பயந்துவிட்டான் என்று நினைத்தேன். அவனை மறுபடி நம்பினேனா என்றால், இல்லை.

போன வாரத்துக்கு வருகிறேன். கறி அரைக்கும் மெஷினில் ஒரு சங்கடம் உண்டு. எவ்வளவு அரைத்தாலும் உள்ளே திருகில் கொஞ்சம் கறி ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை வெளியே தள்ள நாங்கள் ஐஸ்கட்டி போட்டு ஓட்டுவோம். ராத்திரி கடை சாத்தும்போதுதான் மொத்தமாகக் கழற்றிக் கழுவுவது. அன்று ஐஸ் ஃபாக்டரியில் மின்சாரம் இல்லையாம், ஐஸ் வரவில்லை. ஓட்டல்காரர் ஒருவருக்குக் காய்ந்த மிளகாய் சேர்த்துக் கொத்துக்கறி அரைத்தோம். அதை ஓட்டலில் சேர்க்க நான் கிளம்பினேன். "மிளகுக்கு மத்தியானத்துக்குக் கொஞ்சம் அரைச்சு வை" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

வந்து, பின்கட்டு அடுப்பில் அந்தக் கறியை உருட்டிப் பொரித்துக் கொடுத்தேன். உப்பும் எண்ணெயும் தவிர வேறு எதுவும் இல்லை. சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டாள். "அம்மா, இன்னைக்கு மெத்துன்னு இருக்கு" என்றாள். எனக்குப் பெருமை வேறு.

நான் ஒரு தொடைக்கறியில் எலும்பு நீக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் இருமல் கேட்டது. திரும்பினால், கழுத்தைச் சொறிந்துகொண்டிருக்கிறாள். உதடு தடித்திருந்தது. குபுகுபுவென்று வாந்தி எடுத்தாள். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். கொக்கியில் எப்போதும் சிவப்புப் பை ஒன்று தொங்கும். அதில், தொண்டை அடைத்தால் உடனே குத்தச் சொல்லி டாக்டர் தந்த பேனா மாதிரி ஊசிகள் இரண்டு. ஒன்றை உருவி, தொடையின் வெளிப்பக்கம் பாவாடைக்கு மேலேயே குத்திப் பிடித்தேன். படுக்க வைத்துக் காலைத் தூக்கிச் சாக்கு மேல் வைத்தேன். "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!" என்று தெருவைப் பார்த்து அலறினேன். டீக்காரர் போனை எடுத்துவிட்டார். அண்ணன் அவள் தலைமாட்டில் மண்டியிட்டு, "மிளகு, மாமாவைப் பாரு, மாமாவைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஊசி வேலை செய்தது. மூச்சு கொஞ்சம் சீரானது, முகத்தில் ரத்தம் ஓடியது. "அம்மா" என்றாள் கரகரத்த குரலில். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிரோடு கோபமும் வந்தது. எப்படி? இந்தக் கடைக்குள் எப்படி வந்தது?

எழுந்து மெஷினைப் பார்த்தேன். கறி வெளியே வரும் ஓட்டைத் தட்டில், கறிக்கு நடுவே, வெள்ளையாகக் களி மாதிரி ஒட்டியிருந்தது. விரலில் எடுத்து முகர்ந்தேன். ரொட்டி. மெஷினுக்குக் கீழே மீதி ரொட்டி பாக்கெட்டோடு கிடந்தது. பாக்கெட்டைத் திருப்பினேன். பால்பொடி என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தது.

"ரொட்டியைப் போட்டியா?"

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். "ஐஸ் வரலையே. மிளகாய் அரைச்ச மெஷின், பாப்பாவுக்கு வாய் எரியுமேன்னு..."

"ரொட்டியைப் போட்டியாடா?"

அவனை வாழ்க்கையில் ஒரு தடவைகூட நான் டா போட்டதில்லை. அவன் எழுந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினான். "அது மாவுதானேம்மா. எல்லாக் கறிக்கடையிலும் ரொட்டிதானே போடுறாங்க. பால் இல்லையேன்னு..."

மெஷின் வாயில் கறியைத் தள்ளும் மரக்கட்டை கைக்கு வந்தது. முழங்கை நீளம், நல்ல கனம். அதை அவன் வாயில் இறக்கினேன். பல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டதும் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை, சொல்லப்போனால் நன்றாக இருந்தது. கிரீம் வைத்த விரல் ஞாபகம் வந்தது, டீச்சர் ஞாபகம் வந்தது, 'பாலைத்தானேங்க' என்று சொன்ன அத்தனை வாயும் அந்த ஒரு வாயில் தெரிந்தது. அடுத்த அடிக்கு அவன் கையைத் தூக்கித் தடுத்தான். மணிக்கட்டு மடங்கித் தொங்கியது.

"கேளும்மா" என்றான். கேட்கிற நிலையில் நான் இல்லை. அவன் பின்னால் நகர்ந்தான், வெட்டுக்கட்டையில் இடித்து விழுந்தான். அவன் நெஞ்சில் முழங்காலை வைத்து அழுத்தினேன். தராசு சரிந்து எங்கள் மேல் விழுந்தது, கறித்துண்டுகள் எங்களைச் சுற்றிச் சிதறின. தரை முழுக்க ரத்தம், எது ஆட்டு ரத்தம் எது அண்ணன் ரத்தம் என்று தெரியவில்லை. டீக்காரர் ஓடிவந்து என் தோளைப் பிடித்தார். முழங்கையால் அவர் வயிற்றில் குத்தினேன், அவர் படியில் போய் உட்கார்ந்தார். "கொன்னுடாதே தாயி!" என்று யாரோ தெருவில் கத்தினார்கள். கொல்லத்தான் போகிறேன் என்று கத்தினேன்.

அண்ணன் உடைந்த கையைத் தூக்கி எனக்குப் பின்னால் காட்டினான். வாய் நிறைய ரத்தத்தோடு, "பாப்பா... பாப்பா..." என்றான்.

"அவ பேரைச் சொல்லாதேடா! உன் வாயால சொல்லாதே!" என்று கன்னத்தில் அறைந்தேன்.

அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு கிடந்தவன், அப்போதுதான் முதல் தடவையாக என்மேல் கை வைத்தான். இடது கையால் என்னை ஒரே தள்ளு. சுவரில் போய் விழுந்தேன். தலை கிறுகிறுத்தது. ஓஹோ, திருப்பி அடிக்கிறாயா என்று, கைக்கு எட்டிய எலும்பு நீக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கத்தி அவன் முதுகுக்குத்தான்.

அவன் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் குனிந்திருந்தான். சாக்கில் காலைத் தூக்கி வைத்துப் படுக்க வைத்த பிள்ளை அந்த இடத்தில் இல்லை, அவன் முன்னால் தரையில் கிடந்தாள். உதடு நீலம். வாய் திறந்திருந்தது, மூச்சு உள்ளே போகாமல் நெஞ்சுக்குழி மட்டும் ஒடுங்கி ஒடுங்கி எழுந்தது. அண்ணனின் இடது கையில் இரண்டாவது ஊசி. மூடியைப் பல்லால் கடித்து இழுத்தான். மூடியோடு ரத்தமும் வந்தது. தொடையில் ஊன்றிக் குத்தினான். அமுக்கிப் பிடித்தபடி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினான். நான் கத்தியோடு அவன் தலைக்கு மேலே நின்றுகொண்டிருந்தேன்.

ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வந்ததும் நேராக அண்ணனிடம்தான் ஓடினார்கள். வாய், சட்டை, கை எல்லாம் ரத்தமாக இருப்பவனை விட்டுவிட்டு யாரைப் பார்ப்பார்கள்? "என்னை விடுங்கய்யா! பிள்ளையைப் பாருங்க! பால் பட்டுடுச்சு, ரெண்டு ஊசி போட்டாச்சு!" என்று அவர்களைக் காலால் உதைத்துத் தள்ளினான். அவர்கள் மிளகின் முகத்தில் ஆக்சிஜனை வைத்துத் தூக்கினார்கள். என் கையிலிருந்த கத்தியை டீக்காரர் மெதுவாக வாங்கி வைத்தார்.

ஆஸ்பத்திரியில் இன்னும் ஒரு ஊசி, குளுக்கோஸ், மூக்கில் குழாய். சாயங்காலம் வெளியே வந்த டாக்டரம்மா, "பொழைச்சுட்டா. ரெண்டாவது ஊசி அந்த நேரத்துல போட்டது நல்லதாப் போச்சு. யார் போட்டது?" என்றார். அதற்குள் அண்ணனுக்குக் கையில் மாவுக்கட்டுப் போட்டு, வாயில் தையல் போட்டிருந்தார்கள். யாரோ தகவல் சொல்லி ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"கை எப்படி ஒடைஞ்சுது?"

"மெஷின்ல மாட்டிக்கிச்சு சார்."

"பல்லு?"

"அதுவும்தான்."

"ரெண்டும் ஒரே மெஷின்லயா?"

"பெரிய மெஷின் சார்" என்றான் அண்ணன். போலீஸ்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார், என் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, இரண்டையும் அடக்கத் தெரியாமல் சுவரோடு ஒண்டிக்கொண்டேன்.

"ரொட்டியில பால் போடுவாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றான் அவன். தையல் போட்ட வாயால் மெதுவாகத்தான் பேச முடிந்தது. "கடையில கேட்டு, பால் பன்னு வேணாம், வெறும் ரொட்டி குடுன்னுதான் வாங்கினேன்."

"ஊசி போட உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

தரையைப் பார்த்தான். "கிரீம் வச்ச அன்னைக்கு அப்புறம்... தேதி முடிஞ்ச ஊசியை நீ தூக்கிப் போட்டிருந்தே. அதை எடுத்து ஆட்டுத் தொடையில குத்திப் பார்த்தேன். உன்கிட்ட கேட்க வெட்கமா இருந்துச்சு. கேட்டாலும் நீ கத்துவே."

கத்தியிருப்பேன், உண்மைதான். அவனை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒரு வருஷமாக அவன் என் பக்கத்தில் நின்று, என் பிள்ளைக்காகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறான். நான் அவனைக் காவல் காத்திருக்கிறேன். அவன் காலில் விழ வேண்டும்போல் இருந்தது. "மன்னிச்சிடு அண்ணே" என்றேன். "பல்லுதானே, போட்டுக்கலாம்" என்றான். அத்தோடு முடிந்துவிட்டது என்றுகூட நினைத்தேன்.

மிளகு கண் விழித்தாள் என்று நர்ஸ் கூப்பிட்டாள். இருவரும் உள்ளே போனோம். உதடு இன்னும் கொஞ்சம் வீங்கியிருந்தது. என் செல்லம், என் தங்கம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "இனிமே அம்மா உன்னை விட்டு ஒரு நிமிஷம்கூட நகர மாட்டேன்டி" என்றேன்.

"நான் கூப்பிட்டேன்" என்றாள்.

"எப்போ கண்ணு?"

"நீ மாமாவை அடிச்சப்போ. மறுபடியும் இங்க அடைச்சுச்சு." தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "அம்மா அம்மான்னு கூப்பிட்டேன். சத்தமே வரல. அதான் தவழ்ந்து வந்து உன் காலைப் பிடிச்சேன்."

"அப்புறம்?"

"நீ ஒதைச்சுட்டே."

எனக்கு ஞாபகம் இல்லை. இந்த ஒரு வாரமாக எவ்வளவு யோசித்துப் பார்த்தாலும் அந்தச் சின்னக் கை என் காலில் பட்டது ஞாபகத்துக்கு வரவில்லை. பிள்ளை மயக்கத்தில் உளறுகிறாள் என்று அண்ணன் ஏதோ சொல்ல வந்தான். நான் அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். விலாவில், கடையில் நான் போடும் ரப்பர் பூட்ஸின் வரி வரியான தடம் கன்றிப்போயிருந்தது. என் உயிரே போய்விட்டது. தடவிக் கொடுக்கக் கையை நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் விலாவை மூடிக்கொண்டு, கட்டிலில் அந்த ஓரமாக ஒதுங்கினாள்.

"மாமா, நீ இங்க உட்காரு" என்று எங்கள் இருவருக்கும் நடுவில் இடம் காட்டினாள்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். உட்காரு என்று நான் தலையாட்டினேன். கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் உட்கார்ந்தான்.